சுற்றுலாத் தொழிலும் நம் பலசரக்குக் கடையும்



ஆனி மாதம் பிறந்து, மேற்கே மலை மேல் மேகம் இறங்கிவிட்டால் போதும், மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையில் வண்டிகள் கூடிவிடும். ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று வரிசையாக நம் ஊர்களைத் தாண்டித்தான் அத்தனை வேனும் பஸ்ஸும் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் போகின்றன. நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் ஒரு நாள் கேட்டார்: "அண்ணாச்சி, ராத்திரி பகலா வண்டி போகுது. நம்ம கடையில ஒரு கலர் பாட்டில் கூட கூடுதலா விக்கல. சுற்றுலா வளருது வளருதுன்னு பேப்பர்ல போடுறாங்களே, அது யாருக்கு வளருது?"

நியாயமான கேள்வி. ராயகிரியில் அருவி கிடையாது. வெளியூர்க்காரர் தேடி வரும் பெரிய தலமும் கிடையாது. அப்படியிருக்க, சுற்றுலாவால் நமக்கு என்ன வருகிறது, வருவதை எப்படிப் பிடிப்பது, எந்த இடத்தில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருப்பது என்பதைப் பற்றி நாம் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

தொழிலின் அளவு

சுற்றுலா என்றதும் வெள்ளைக்காரர், விமானம், நட்சத்திர ஓட்டல் என்று நினைக்கிறோம். நம் நாட்டு நிலைமை வேறு. 2019-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1 கோடியே 9 லட்சம் பேர். ஆனால் 2022-ல் தமிழ்நாட்டுக்குள் மட்டும் உள்நாட்டுப் பயணிகளின் வருகை 21 கோடிக்கு மேல் என்று மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. அந்த ஆண்டு மாநிலங்களில் தமிழ்நாட்டுக்கு இரண்டாம் இடம். இந்தக் கணக்கில் ஒரே ஆள் நான்கு இடம் போனால் நான்கு வருகையாகச் சேரும். அப்படியே வைத்துக்கொண்டாலும் பெரிய எண்ணிக்கைதான்.

கோயிலுக்குப் போகிறவர், அருவியில் குளிக்கப் போகிறவர், பள்ளிப் பிள்ளைகளின் உல்லாசப் பயணம், கல்யாணம் முடித்துக் குடும்பத்தோடு வேன் பிடிப்பவர், எல்லாரும் இதில் அடக்கம். இவர்கள் நட்சத்திர ஓட்டலில் தங்குவதில்லை. கட்டுச்சோறு கொண்டு வருவார்கள். இல்லாவிட்டால் அடுப்பையும் பாத்திரத்தையும் வேனில் ஏற்றி வந்து வழியில் சமைப்பார்கள். ஆகவே நம் நாட்டில் சுற்றுலாப் பயணி என்பவர் முக்கால்வாசி பலசரக்குக் கடை வாடிக்கையாளர்தான்.

அரசும் இதைத் தொழிலாகவே பார்க்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-ல் தொடங்கப்பட்டது. 2023-ல் வெளியான தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை, சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி வழங்கியது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபின், குற்றாலமும் சங்கரன்கோவிலும் ஒரே மாவட்டத்தின் இரு கண்களாக இருக்கின்றன.

நம் வட்டாரத்தில் இருப்பவை

குற்றாலத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று குளிப்பதற்கே பல இடங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் ஆனி, ஆடி, ஆவணி முதல் சீசன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களால் இரண்டாவது சீசன்.

சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர், கோமதி அம்மன் சன்னதி. சிவனும் திருமாலும் ஒன்றே என்று காட்டிய தலம். ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் சுற்று வட்டாரமே அங்கேதான். வயலில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் கொண்டு வந்து அம்மனுக்குச் சூறையிடும் விவசாயிகளை இன்றும் காணலாம்.

இவை தவிர, நாமே முழுதாக அறியாத இடங்களும் உண்டு. சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி போகும் வழியில் கழுகுமலை. மலையைக் குடைந்து மேலிருந்து கீழாகச் செதுக்கிய வெட்டுவான் கோவில் அங்கே பாண்டியர் காலத்தில், 8-ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்டு முடிக்கப்படாமல் நிற்கிறது. அதே மலையில் சமண தீர்த்தங்கரர்களின் சிற்ப வரிசையும் இருக்கிறது. வெள்ளையரை எதிர்த்த பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் நம் பக்கத்து ஊர். வாசுதேவநல்லூரில் அர்த்தநாரீஸ்வரர் கோயிலும், மேற்கே தலையணையும் உள்ளன.

போக்குவரத்தும் உண்டு. கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை 1904-ல் திறக்கப்பட்டது. அகலப் பாதையாக மாற்றுவதற்காகப் புனலூர்–செங்கோட்டை மலைப்பகுதியில் 2010-ல் ரயில் நிறுத்தப்பட்டு, 2018-ல்தான் மீண்டும் ஓடியது. இடையில் போன 8 ஆண்டுகளில் மலைக்கு அப்பால் போக பஸ், லாரி மட்டுமே. வழி அடைபட்டால் வியாபாரமும் அடைபடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பயணியின் பணம் நம்மிடம் வரும் வழி

இப்போது அந்தக் கடைக்காரரின் கேள்விக்கு வருவோம். பயணி நம் கடையில் இறங்காவிட்டாலும் அவர் பணம் மூன்று வழியாக நம்மிடம் வருகிறது.

முதல் வழி, நேரடியாக. நெடுஞ்சாலையிலும் கோயில் வாசலிலும் உள்ள கடைகளுக்கு மட்டும் இது பொருந்தும். நம்மில் நூற்றுக்குப் பத்துக் கடைகூட அப்படிப்பட்ட இடத்தில் இல்லை.

இரண்டாவது வழி, டீக்கடை, ஓட்டல், தங்கும் விடுதி வழியாக. பயணி ஒரு டீ குடித்தால் அதில் நம் சீனியும் தேயிலைத் தூளும் இருக்கிறது. புரோட்டா தின்றால் நம் மைதாவும் பாமாயிலும். சாப்பாடு என்றால் அரிசி, துவரம்பருப்பு, புளி, வத்தல். இது மொத்தமாகவும் தொடர்ச்சியாகவும் போகும் வியாபாரம்.

மூன்றாவது வழியைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. அதுதான் கூலி. நம் ஊர்ப் பையன்கள் சீசனுக்கு ஓட்டல் வேலைக்குப் போகிறார்கள். டிரைவர், சமையல்காரர், பூக்கட்டுகிறவர், பழம் விற்கிறவர், எண்ணெய்க் குளியலுக்குத் தேய்த்துவிடுகிறவர், கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிப்பவர், எல்லாருக்கும் இரண்டு மாதம் கையில் ரொக்கம் புழங்குகிறது. அந்த ரொக்கம் வீட்டுக்கு வந்தால் அவர்கள் பழைய பாக்கியை அடைப்பார்கள். அரைக் கிலோ வாங்குகிற இடத்தில் ஒரு கிலோ வாங்குவார்கள்.

ஆவணியில் உங்கள் பற்று வரவு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எந்தெந்த வீட்டுப் பாக்கி அடைபட்டிருக்கிறது என்று பார்த்தால், சுற்றுலா யாருக்கு வளருகிறது என்பதற்கு அங்கே பாதி பதில் கிடைத்துவிடும்.

மூன்று கூட்டம், மூன்று சரக்கு

வருகிறவர் எல்லாரையும் ஒன்றாக எண்ணிச் சரக்கு எடுப்பது தவறு.

குற்றாலத்துக்கு வருபவர் இரண்டு நாள் தங்குகிறவர். சமைத்துச் சாப்பிடுவோருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலாத் தூள் சிறு பாக்கெட்டாக வேண்டும். ஊருக்குத் திரும்பும்போது சிப்ஸ், மிளகு, கிராம்பு, ஏலம் வாங்குவார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் போட்டுக் குளிக்கத் தடை இருக்கிறது. ஆகவே பழைய நினைப்பில் ஷாம்பு பாக்கெட்டைச் சரம் சரமாக வாங்கி அடுக்குவது வீண்.

ஆடித்தபசுக்கு வருபவர் பெரும்பாலும் அன்றே திரும்புகிறவர். அவருக்குத் தேங்காய், சூடம், பத்தி, மஞ்சள், குங்குமம், பொரிகடலை, கற்கண்டு வேண்டும். இதற்கு முன்னதாகவே சரக்கு இருக்க வேண்டும். தபசு முடிந்த மறுநாள் வரும் சிப்பத்துக்கு ஆள் கிடையாது.

ஐயப்ப பக்தருக்கு இருமுடிச் சாமான் வேண்டும்: பச்சரிசி, நெய், தேங்காய், வெல்லம், அவல், விபூதி, சாம்பிராணி. செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் போகும் குழுக்கள் வழியிலேயே சமைப்பதால் அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த் தூளும் எடுப்பார்கள். இந்தக் கூட்டம் மழையை நம்பி வருவதில்லை. விரதத்தை நம்பி வருகிறது. ஆகவே மூன்றிலும் இதுதான் ஓரளவு நிச்சயமானது. கார்த்திகை முதல் தேதி என்றைக்கு என்று காலண்டரிலேயே இருக்கிறதே.

வந்த கூட்டம் நின்றால்?

சுற்றுலா வருமானத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 1982-ல் அந்நாட்டுக்கு 4 லட்சம் பயணிகள் வந்தனர். 1983 கலவரத்துக்குப் பின் வருகை சரிந்தது. பல ஆண்டுகள் எழவில்லை. போர் முடிந்தபின் மெல்ல வளர்ந்து 2018-ல் 23 லட்சத்தைத் தொட்டது. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்தது. அடுத்து கொரோனா. 2021-ல் வந்தவர்கள் 2 லட்சம் பேர்கூட இல்லை. அந்நியச் செலாவணி வரும் பெரிய வழிகளில் ஒன்று இப்படி அடைபட்டதும், 2022-ல் அந்த நாட்டை வாட்டிய நெருக்கடிக்கு ஒரு காரணம். பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றதைப் பார்த்தோம். 2024-ல்தான் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டினார்கள்.

ஒரு நாட்டுக்கு நேர்ந்தது ஒரு கடைக்கும் நேரும். 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் சாரல் நன்றாகவே பெய்தும் குற்றால சீசனில் குளிக்கத் தடை. அருவி கொட்டியது, ஆள் இல்லை. 2023 ஆகஸ்டில் குற்றாலநாதர் கோயிலையொட்டிய தற்காலிகக் கடைகளில் தீப்பிடித்துப் பல கடைகள் சாம்பலாயின. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவர் உயிரிழந்தார். அதன்பின் சில நாட்கள் எந்த அருவியிலும் குளிக்க விடவில்லை. மழை பெய்யாவிட்டாலும் வியாபாரம் இல்லை, அதிகம் பெய்தாலும் இல்லை.

நாங்கள் பட்ட பாடு

இதை எங்கள் கடையிலேயே அனுபவித்திருக்கிறோம். பல வருடங்களுக்கு முன், வைகாசியிலேயே மலையில் இருட்டிவிட்டது. இந்த வருடம் சீசன் ஓஹோ என்று இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். விருதுநகரிலிருந்து வழக்கத்தைவிட இரண்டு பங்கு சரக்கு இறக்கினோம். குற்றாலத்தில் சீசன் கடை போட்ட ஏழு பேருக்குக் கடனில் கொடுத்தோம். பிஸ்கட், சேமியா, ரவை, மைதா, எண்ணெய் என்று கேட்டதெல்லாம் கொடுத்தோம். கேட்காததையும் சேர்த்துத் தள்ளிவிட்டோம் என்பதுதான் உண்மை.

ஆனி போனது; ஆடியும் போனது. பேரருவியில் பாறைதான் தெரிந்தது. ஏழு பேரில் மூன்று பேர் சரக்கைத் திருப்பித் தந்து கணக்கை முடித்தார்கள். இரண்டு பேர் தவணையில் கொடுத்தார்கள். ஒருவர் ஊரை விட்டே போய்விட்டார். கடைசி ஆள் மூன்று வருடம் கழித்து ஒரு தீபாவளிக்கு முந்திய நாள் வந்து, "அண்ணாச்சி, வட்டி தர முடியாது, முதல் இந்தாருக்கு" என்று மடித்த நோட்டுகளை மேஜையில் வைத்தார். அவர் மனைவியின் கம்மலை அடகு வைத்து வட்டி கட்டிக்கொண்டிருந்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அன்றைக்கு எங்களுக்கு ஒன்று உறைத்தது. சரக்கைத் தள்ளிய எங்களுக்கு நஷ்டம் கணக்கில் ஒரு வரி. அதை வாங்கிக்கொண்ட சிறு கடைக்காரருக்கு அது மூன்று வருட வாழ்க்கை. அதன்பின் எந்தக் கடைக்காரர் வந்து சீசன் சரக்கு கேட்டாலும், கேட்டதில் பாதியைக் கொடுத்து, "இதை வித்துட்டு வாங்க தம்பி, மீதி இங்கதான் இருக்கு" என்று சொல்லுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். மொத்த வியாபாரிகள் இதைக் கடைப்பிடித்தால் விற்பனை கொஞ்சம் குறையலாம். நிலுவை வெகுவாகக் குறையும்.

ஒரு கணக்குப் பாடம்

சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சீசன் இரண்டு மாதத்துக்குக் கூடுதலாக 1,20,000 ரூபாய்ச் சரக்கு போகும் என்று ஒருவர் நினைக்கிறார். லாபம் கொள்முதலில் 8 சதவீதம், கடனுக்கு வட்டி மாதம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் முறை: மொத்தச் சரக்கையும் ஒரே தடவையில் கடனுக்கு எடுக்கிறார். 1,05,000 ரூபாய்ச் சரக்குதான் விற்றது. 15,000 ரூபாய்ச் சரக்கு தேதி முடிந்தும் வண்டு விழுந்தும் போனது. விற்றதில் லாபம் 8,400. வட்டி 4,800. கெட்ட சரக்கு 15,000. முடிவில் 11,400 ரூபாய் நஷ்டம்.

இரண்டாவது முறை: முதலில் 30,000-க்கு எடுக்கிறார். விற்ற பணத்தில் மறுபடி 30,000, மறுபடி 30,000. நான்காம் தடவை கூட்டம் குறைவதைப் பார்த்து 20,000-க்கு மட்டும் எடுக்கிறார். விற்றது அதே 1,05,000. மீந்தது 5,000. லாபம் 8,400. 30,000-க்கு இரண்டு மாத வட்டி 1,200. கெட்டது 5,000. அடிக்கடி போய்வந்த வண்டி வாடகை கூடுதல் 1,500. முடிவில் 700 ரூபாய் லாபம்.

விற்பனை ஒன்றுதான், வித்தியாசம் 12,100 ரூபாய்.

சீசன் நன்றாக இருந்து 1,20,000-மும் விற்றுவிட்டால்? முதல் முறையில் லாபம் 9,600-ல் வட்டி போக 4,800. இரண்டாவது முறையில் வட்டி 1,200, வண்டி 1,500 போக 6,900. நல்ல காலத்திலும் இரண்டாவது முறையே மேல். இதில் ஒரு சிரமம் உண்டு: கூட்டம் நெருக்கும் சனி, ஞாயிறுகளில் சரக்கு தட்டுப்படலாம். அதற்கு வியாழக்கிழமையே இருப்பைப் பார்த்துச் சொல்லி அனுப்பும் பழக்கம் வேண்டும்.

நம்பிக்கையே முதல்

வெளியூர் ஆள்தானே, மறுபடி வரவா போகிறான் என்று நினைத்து விலையைக் கூட்டுபவர் நம்மிலும் உண்டு. மறைக்க வேண்டாம். தண்ணீர் பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ஐந்து ரூபாய் வாங்கினால், அந்த ஐந்து ரூபாயை அவர் தம் ஊரில் ஐம்பது பேரிடம் சொல்லுவார். அந்த ஐம்பது பேரும் அடுத்த முறை சாமானை ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு கடை செய்த தவறு அந்தச் சாலையில் உள்ள எல்லாக் கடைக்கும் கெட்ட பெயர்.

ஆகவே சிலவற்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்போம். அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். நாமே பாக்கெட் போட்டு விற்கும் மிளகு, கிராம்பு, சிப்ஸ் ஆகியவற்றில் எடை, விலை, பாக்கெட் போட்ட மாதம், நம் முகவரி இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் தின்பண்டம் விற்கக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அருவிக் கரையில் கிடக்கும் பையில் பாதி நம் கடையில் கொடுத்தது என்றால், நம் பிழைப்பின் ஊற்றில் நாமே குப்பை போடுகிறோம்.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

தனி ஒருவரால் ஆகாத வேலைகள் உண்டு. தபசுக் காலத்தில் குடிநீர், கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம் ஆகியவை போதுமான அளவு வேண்டும் என்று ஊர்ச் சங்கங்கள் முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும். பெண்களும் குழந்தைகளும் சிரமமில்லாமல் இறங்கக்கூடிய இடத்தில்தான் வேன் நிற்கும். வேன் நிற்கும் இடத்தில்தான் வியாபாரம். ஆடித்தபசுக்கு வருபவரைக் கழுகுமலைக்கும் நெற்கட்டும்செவலுக்கும் திருப்பிவிட வழிகாட்டிப் பலகையும் பஸ் வசதியும் கேட்கலாம். ஒரு நாளில் திரும்புகிறவர் ஓர் இரவு தங்கினால் மூன்று வேளைச் சாப்பாடு கூடுகிறது. சீசன் கடை போடும் சிறு வியாபாரிகளுக்குத் தீ விபத்துக் காப்பீட்டைச் சங்கமே மொத்தமாகப் பேசி எடுத்துத் தர முயலலாம்.

சுற்றுலா வளரட்டும், நம் வட்டாரத்துக்கு நல்லதுதான். ஆனால் நம் கடைக்குச் சோறு போடுவது பக்கத்துத் தெரு வாடிக்கையாளர். சீசன் பணம் அதன் மேல் விழும் சாரல். சாரலை நம்பி யாரும் வயலைத் தரிசாகப் போடுவதில்லை. ஆனி பிறக்கும் முன் போன வருடத்துச் சிட்டையை எடுத்து, எது விற்றது, எது மீந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருடக் கொள்முதலுக்கு அந்தத் தாளைவிட நல்ல யோசனை வேறு யாரும் சொல்ல முடியாது.